ஆறு பாக்கெட் சிப்ஸும் ஒரு அணிலும்

பழைய நோட்டு ஒன்று கிடைத்தது. நடுப்பக்கத்தில் எண்ணெய்க் கறை, அதன்மேல் என் கையெழுத்தில் ஆறு பெயர்கள், எதிரே பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண்கள். 2009 ஜனவரி, இங்கிலாந்தில் லெஸ்டர் நகரம். படிப்பு போக மாலை நேரங்களில் ஒரு குஜராத்திக்காரரின் மளிகைக் கடையில் கல்லாவில் நின்ற காலம். வாக்கர்ஸ் என்ற சிப்ஸ் கம்பெனியின் ஆறு புதுச் சுவைகளும் அட்டைப்பெட்டிகளில் வந்து இறங்கின. அன்றிரவே வகைக்கு ஒன்றாக வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

ஆறுமே பொதுமக்கள் சொன்ன யோசனைகள். 2008இல் போட்டி அறிவித்தார்கள். ஜெயித்தவருக்கு 50,000 பவுண்டு, அதோடு அந்தச் சுவையின் விற்பனையில் 1 சதவீதம். வந்து குவிந்தவை 12 லட்சம் யோசனைகள். அதில் ஒன்று என்னுடையது: மோர்மிளகாய். மிளகாயைக் கீறி மோரில் ஊறவைத்து வெயிலில் காயவைப்பதை ஆங்கிலத்தில் எழுதி முடித்தபோது எனக்கே அது ஏதோ கைவைத்தியம் மாதிரி இருந்தது. நாற்பது லட்சம் ரூபாய் என்று கணக்குப் போட்டதோடு சரி.

லெஸ்டரில் இது உள்ளூர் விஷயம். போருக்குப் பின் இறைச்சி ரேஷனில் இருந்தபோது, கசாப்புக் கடை நடத்திய வாக்கர் கம்பெனி 1948இல் உருளைக்கிழங்கைச் சீவிப் பொரிக்க ஆரம்பித்த ஊர் அது. அவர்கள் விளம்பரத்தில் வந்த முன்னாள் கால்பந்து வீரர் கேரி லினேக்கரும் அந்த ஊர்க்காரர்தான்; அவர் குடும்பம் லெஸ்டர் மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருந்தது.

வீட்டில் நாங்கள் நான்கு பேர். கும்பகோணத்துக்காரன் சைவம். அடுத்த வீட்டு ஆங்கிலேயரையும் கூப்பிட்டோம். முப்பது வருடமாகச் சுவர்ப்பூச்சு வேலை பார்த்தவர். அவரை எதற்குக் கூப்பிட்டோம் என்பது பின்னால் வரும்.

முதலில் சில்லி சாக்லேட். பூஸ்ட் டப்பாவுக்குள் மிளகாய்த்தூள் ஸ்பூனைப் போட்டுவிட்ட மாதிரி. 2. அடுத்தது மொறுமொறு வாத்து, ஹாய்சின் சாஸோடு. அங்கே சீன உணவகங்களில் மெல்லிய அப்பத்தில் வெள்ளரிக்காய், வெங்காயத்தாள் வைத்துச் சுருட்டித் தருவார்களே, அது. வாத்தைக் காணோம், சாஸின் தித்திப்பு மட்டும் நன்றாக வந்திருந்தது. 6.

மீன் சிப்ஸ் சுவைதான் பெரிய வேடிக்கை. நாம் சிப்ஸ் என்பதை அங்கே கிரிஸ்ப்ஸ் என்பார்கள். அவர்கள் சிப்ஸ் என்பது விரல் தடிமனில் பொரித்த உருளைக்கிழங்கு. ஆக, உருளைக்கிழங்கில் உருளைக்கிழங்கு வாசனை ஏற்றியிருக்கிறார்கள்! நாக்கில் பட்டது வினிகர்தான். மீன் எங்கோ தூரத்துக் கடலில். 5.

அப்புறம் கேஜன் அணில். கேஜன் என்பது அமெரிக்காவின் லூசியானா பக்கத்துக் கார மசாலா. பெயரைக் கேட்டதும் கும்பகோணத்துக்காரன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான்.

"மாப்ள, ராமர் கோடு போட்ட ஜீவன்டா அது."

"இதுல அணிலே கிடையாதுடா, பேருக்குத்தான்" என்று பாக்கெட்டின் பின்பக்கத்தைக் காட்டினேன். அணில் இல்லை என்பது உண்மைதான். பூண்டு, மிளகாய், புகைவாசனை. அவன் ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுத்தான் கை வைத்தான். பாதிப் பாக்கெட் காலி. 7 போட்டேன்.

ஆனியன் பாஜிக்கு நான்தான் நீதிபதி, யாரும் வாய் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். பிரிட்டன் கறிக் கடைகளில் பாஜி என்று தருவது நம் பஜ்ஜி கிடையாது. வெங்காயத்தை நீளநீளமாக அரிந்து, கடலை மாவில் பிசறி, உருண்டை பிடித்துப் பொரித்தது. கிட்டத்தட்ட வெங்காயப் பக்கோடா. பாக்கெட்டைப் பிரித்ததும் தனியா, சீரகம், வெங்காயத்தூள் என்று அஞ்சறைப் பெட்டியைத் திறந்த வாசனை வந்தது. சந்தோஷமாக வாயில் போட்டேன். கடித்ததும் ஏமாற்றம். மசாலா எல்லாம் இருக்கிறது, பக்கோடா இல்லை. ஏன் என்று யோசித்துக்கொண்டே இரண்டாவது, மூன்றாவது தின்றேன்.

பக்கோடாவின் ருசி மசாலாவில் இல்லை. கடலை மாவு சூடான எண்ணெயில் சிவக்கும்போது வருகிற வாசனையில் இருக்கிறது. ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் வெங்காய நுனி கருகி இனிப்பதில் இருக்கிறது. சிப்ஸ் தொழிற்சாலையில் சீவலைப் பொரித்து, பெரிய உருளையில் உருட்டி மேலே பொடி தூவுகிறார்கள். பொடியாக்க முடிகிற சுவைதான் அதில் நிற்கும். வினிகர் நிற்கும், தித்திப்பு நிற்கும், பூண்டு நிற்கும். கருகல் நிற்காது. சூடு நிற்காது. இருந்தாலும் ஊர்ப்பாசத்தில் 7 கொடுத்து, பிறகு அடித்துவிட்டு 6½ என்று எழுதியிருக்கிறேன்.

கடைசியாக பில்டர்ஸ் பிரேக்ஃபாஸ்ட், கட்டட வேலைக்காரர்களின் காலைச் சாப்பாடு. பன்றி இறைச்சி, வெண்ணெய் தடவிய டோஸ்ட், முட்டை, தக்காளி சாஸ் எல்லாம் ஒரே சீவலில். அடுத்த வீட்டுக்காரரை இதற்காகத்தான் உட்கார வைத்திருந்தோம். பாக்கெட்டைப் பிரித்ததும் முட்டை வாசனை அறையைச் சுற்றி வந்தது. அவர் ஒன்றை எடுத்து முன்னும் பின்னும் பார்த்தார், மென்றார், ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

"முட்டை இருக்கிறது. பிரவுன் சாஸ் எங்கே?"

அவ்வளவுதான் தீர்ப்பு. அந்தக் காலைச் சாப்பாட்டோடு அங்கே ஊற்றிக்கொள்ளும் புளிப்பு சாஸ் அது. எனக்கு முதல் கடி முட்டை, இரண்டாவது கடி புகை, மூன்றாவது கடியில் எல்லாம் சேர்ந்து கல்லூரி கேன்டீனில் தட்டு கழுவும் இடம். 4. இந்த ஆறைத் தேர்ந்தெடுத்த நடுவர்களில் ஒருவர் ஹெஸ்டன் புளூமென்தால். முட்டையும் பன்றி இறைச்சியும் சேர்த்து ஐஸ்கிரீம் செய்து பேர் வாங்கிய சமையல்காரர் அவர். அதனால் இது இறுதிச் சுற்றுக்கு வந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

ஆறில் எது ஜெயிக்க வேண்டும் என்று மக்களே ஓட்டுப் போட்டார்கள். கடையில் நான் பார்த்தவரை, வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்குப் பசி இல்லை. அணிலைக் கையில் எடுத்துச் சிரித்து, பக்கத்தில் நிற்பவரிடம் காட்டி, சரி ஒன்று போடு என்பார்கள். சிரிப்பை வாங்கியவர்கள் இரண்டாம் முறை அதற்காக வரவில்லை. திரும்பத் திரும்ப வந்தவர்கள் பழைய நீலப் பாக்கெட் சீஸ் ஆனியனைத்தான் எடுத்தார்கள்.

மே மாதம் முடிவு வந்தது. நான் 4 போட்ட பில்டர்ஸ் பிரேக்ஃபாஸ்ட்தான் வெற்றி. கடையில் நிரந்தரமாக வைக்கப்போவதாகச் சொன்ன அது 2010இலேயே நின்றுபோனது. முடிவு வந்த அன்று மாலை அடுத்த வீட்டுக்காரர் பால் வாங்க வந்தார்.

"உங்கள் சாப்பாடு ஜெயித்துவிட்டதே, நீங்களும் ஓட்டுப் போட்டீர்களா?" என்றேன்.

"போட்டேன், அணிலுக்கு" என்று சில்லறையை எண்ணி வைத்தார்.