கார் திருடனும் டைப்ரைட்டர் திருடனும்

பாரிஸில் வழிதவறும் பையன்களைப் பற்றிய இரண்டு படங்கள். பில்லி வைல்டர், அலெக்சாண்டர் எஸ்வேயுடன் சேர்ந்து இயக்கிய 'மொவேஸ் கிரேன்' (1934); துருஃபோவின் 'தி 400 புளோஸ்' (1959). எதை முதலில் பார்க்கலாம்?

முதல் படத்தில் டாக்டர் அப்பா காரை விற்றுவிட, சொகுசாக வளர்ந்த ஆன்ரி கார் திருடும் கும்பலில் சேர்கிறான். ஹிட்லருக்குத் தப்பி பாரிஸ் வந்த வைல்டர், கையில் காசில்லாமல் நிஜத் தெருக்களிலேயே படமெடுத்தார். அந்த வேகம் இன்னும் பழசாகவில்லை.

இரண்டாவது படத்தில் சிறுவன் அன்த்துவான் திருடுவது வளர்ப்பு அப்பாவின் அலுவலக டைப்ரைட்டரை. விற்க முடியாமல் திருப்பி வைக்கப் போகும்போதுதான் மாட்டுகிறான். அப்பாவே போலீசில் கொண்டுபோய் விடுகிறார். அப்புறம் போலீஸ் வண்டிக் கம்பிக்குப் பின்னால், இரவு விளக்குகள் கடந்துபோக, அவன் கன்னத்தில் கண்ணீர். அந்த முகம் என்னை விட்டுப் போகவே இல்லை.

என் மனசு துருஃபோ பக்கம்தான். ஆனாலும் வைல்டரை முதலில் பாருங்கள்.