கேஸ் அடிப்பதா, ஓட்டையைத் தேடுவதா? பழைய பிக்கப்பின் ஏசிக்கு எந்த வழி?

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்து ஏசி பட்டறைகளில் ஒரே பேச்சுதான். “கேஸ் இல்லண்ணே, அடிச்சுட்டா சில்லுன்னு ஆயிரும்.” அடித்தால் சில்லென்று ஆவதும் உண்மை. ஒட்டன்சத்திரத்தில் காய் ஏற்றிக்கொண்டு நடுப்பகலில் கிளம்பும் என் 2010 மாடல் டபுள் கேபின் பிக்கப்புக்கு அப்படி அடுத்தடுத்து மூன்று கோடை கேஸ் அடித்தேன். ஐப்பசிக்குள் குளிர் குறைந்துவிடும். மழைக்காலத்தில் அது உறைக்காது. மறு பங்குனியில் மறுபடி பட்டறை வாசல். நான்காவது முறைதான் “போன கேஸ் எங்கே போனது?” என்று கேட்கத் தோன்றியது.

டீசலைப் போல ஓட ஓடத் தீர்ந்துபோகிற பொருளில்லை ஏசி கேஸ். மூடிய குழாய்களுக்குள் ஆவியாகவும் திரவமாகவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டே இருக்கும். ரப்பர் ஹோஸ்கள் வழியாகக் கொஞ்சம் ஊறி வெளியேறுவது இயல்பு. அது பல வருடத்தில் தெரியும் குறை. வருடம் தவறாமல் கேஸ் கேட்கிற வண்டியில் ஓட்டை இருக்கிறது. அதைத் தேடாமல் கேஸ் அடித்துக்கொண்டே போவதில் கேஸ் காசு மட்டும் வீணில்லை. கம்ப்ரஸருக்கு வேண்டிய ஆயில் கேஸோடு கலந்துதான் சுற்றுகிறது. கசியும் இடத்தில் ஆயிலும் வெளியேறும்; கேஸ் குறைந்தால் மிச்ச ஆயிலும் கம்ப்ரஸருக்கு ஒழுங்காகத் திரும்பாது. கடைசியில் கம்ப்ரஸர் இறுகிப்போகும், அப்போது வருகிற செலவுதான் பெரிய செலவு.

எல்லாக் குளிர்க்குறைவுக்கும் கேஸ் காரணமில்லை என்பதையும் முதலில் சொல்லிவிட வேண்டும். ஓட்டத்தில் நன்றாகக் குளிர்ந்து, டோல்கேட் வரிசையில் நின்றதும் சூடாக வந்தால் வண்டியின் முன்பக்கம் கேஸின் சூட்டை வெளியே விடும் கண்டென்ஸருக்குக் காற்று போதவில்லை: ஃபேனையும், கண்டென்ஸர் இதழ்களில் அடைந்த மண்ணையும் பாருங்கள். அரை மணி நேரம் குளிர்ந்துவிட்டு, பிறகு ப்ளோயர் சத்தம் கேட்டும் காற்று வராமல் போய், ஏசியைச் சற்று நிறுத்தினால் சரியாகிறதா? டேஷ்போர்டுக்குள் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயிலில் பனி கட்டுகிறது. கம்ப்ரஸரை எஞ்சினோடு சேர்க்கும் கிளட்ச் ‘டக்’கென்று பிடிக்கும் சத்தமே இல்லையென்றால் ஃப்யூஸ், ரிலே, வயர், பிரஷர் ஸ்விட்ச். கேஸ் மிகவும் குறைந்தாலும் அந்த ஸ்விட்ச் கிளட்சைப் பிடிக்க விடாது என்பதால், வயரைத் தொடுமுன் அழுத்தம் காட்டும் கேஜைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

கேஜில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். எஞ்சினை அணைத்துவிட்டு நீலமும் (குறைந்த அழுத்தப் பக்கம்) சிவப்பும் (அதிக அழுத்தப் பக்கம்) ஒரே அளவு காட்டுவதைப் பார்த்து “கேஸ் ஃபுல்லா இருக்கு” என்பார்கள். 35 டிகிரி வெப்பத்தில் நிற்கும் வண்டியில், என் பிக்கப் போன்றவற்றின் ஏசியில் இருக்கும் ஆர்134ஏ என்ற கேஸ் சுமார் 115 பிஎஸ்ஐ அழுத்தம் காட்டும். உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சமிருக்கும்வரை, 200 கிராம் இருந்தாலும் 600 கிராம் இருந்தாலும் அதே 115தான். அது வெப்பநிலையைச் சொல்கிறது, அளவைச் சொல்லவில்லை. ஓடும்போது பார்க்க வேண்டும். அதே வெயிலில் நீலம் 30 முதல் 45, சிவப்பு 200 முதல் 250 என்ற அளவில் நின்றால் பொதுவாக நல்ல நிலை. இரண்டும் அதற்குக் கீழே கிடந்தால் கேஸ் குறைவு. நீலம் ஏறி, சிவப்பு இறங்கி, இரண்டும் நெருங்கி நின்றால் கம்ப்ரஸர் தளர்ந்திருக்கலாம். நீலம் வாக்குவம் பக்கம் இறங்கினால் கூலிங் காயிலுக்குள் கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வில் அடைப்பைச் சந்தேகிக்கலாம். கேஸ் குறைவு என்று உறுதியான பிறகுதான் ஓட்டையைக் கண்டுபிடிக்கும் வழிகளுக்குள் கீழே சொல்லப்போகிற போட்டியே தொடங்குகிறது.

பட்டறைகளில் அதிகம் நம்பப்படுவது வாக்குவம் சோதனை. பம்பை மாட்டி உள்ளிருக்கும் காற்றை இழுத்து, வால்வை மூடி, முள் அரை மணி நேரம் அசையாமல் நின்றால் “லீக் இல்லண்ணே” என்று தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு எனக்கு இரண்டு முறை கிடைத்திருக்கிறது. இரண்டு முறையும் கேஸ் போனது. யோசித்தால் காரணம் எளிது. வாக்குவத்தில் உள்ளுக்கும் வெளிக்கும் இருக்கிற வித்தியாசம் அதிகபட்சம் ஒரு காற்றழுத்தம், 15 பிஎஸ்ஐகூட இல்லை. ஓடும்போது அதே மூட்டு 200க்கு மேல் தாங்குகிறது. போதாக்குறைக்கு வாக்குவத்தில் அழுத்தம் வெளியிலிருந்து உள்நோக்கி வருகிறது. தேய்ந்த ஓ-ரிங்கூட அந்த இழுப்பில் நன்றாக உட்கார்ந்துகொள்ளும். முள் பூஜ்யம்வரை திரும்பி வந்தால் ஓட்டை நிச்சயம். முள் நின்றால் அதற்கு அர்த்தம் எதுவுமில்லை. ஆனாலும் வாக்குவம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அதன் நிஜ வேலை ஈரத்தைப் போக்குவது. பாதரச அளவில் 760 மில்லிமீட்டராக இருக்கும் அழுத்தத்தை 32 மில்லிமீட்டருக்கும் கீழே இறக்கினால் 30 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்து ஆவியாகிவிடும். திறந்த குழாய்ச் சுற்றை மூடிய பிறகு இதற்கு அரை மணி நேரமாவது ஒதுக்காத பட்டறையில் கேஸ் அடிக்கக்கூடாது. தங்கிய ஈரம் வால்வு முனையில் பனியாகி அடைக்கும், உள்ளே அரிக்கவும் செய்யும்.

வாக்குவத்துக்கு நேர் எதிரானது நைட்ரஜன். என் வாக்கு இதற்குத்தான். ரெகுலேட்டர் வைத்துச் சுற்றுக்குள் 150 பிஎஸ்ஐ வரை ஏற்றி, ராத்திரி முழுக்க விட்டுவிடுவது. அழுத்தம் ஓடும்போது இருப்பது போலவே உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது. நைட்ரஜன் காய்ந்தது, எரியாதது. காலையில் முள்ளைப் படிக்கும்போது ஒரு கணக்கு நினைவிருக்க வேண்டும். மாலையில் 35 டிகிரி, விடியலில் 25 டிகிரி என்றால் ஓட்டையே இல்லாவிட்டாலும் முள் ஐந்து பிஎஸ்ஐ அளவுக்குத் தானாக இறங்கும். அதற்கு மேல் இறங்கியது மட்டுமே கசிவு. ரெகுலேட்டர் இல்லாமல் சிலிண்டரை மாட்டவே கூடாது. நிரம்பிய சிலிண்டருக்குள் 2000 பிஎஸ்ஐக்கு மேல் இருக்கும், கூலிங் காயில் வெடித்துவிடும். “நைட்ரஜன் எதுக்கு, டயருக்குக் காத்து அடிக்கிற கம்ப்ரஸர் போதும்” என்கிறவர்களிடமிருந்தும் வண்டியைக் காப்பாற்றுங்கள். அந்தக் காற்று ஈரத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அதைவிட, ஆர்134ஏ காற்றோடு கலந்து அழுத்தத்தில் இருந்தால் தீப்பற்றக்கூடிய கலவையாகலாம். ஆக்சிஜன் சிலிண்டர் அதைவிட ஆபத்து. எண்ணெய் பட்ட இடத்தில் அதைப் பக்கத்தில்கூடக் கொண்டுவரக் கூடாது.

நைட்ரஜன் ‘ஓட்டை உண்டு’ என்று சொல்லும், ‘எங்கே’ என்று சொல்லாது. அதற்கு சோப்புத் தண்ணீர். பாத்திரம் கழுவும் திரவத்தைக் கெட்டியாகக் கரைத்து, பிரஷ்ஷால் ஒவ்வொரு மூட்டிலும் தடவி, ஒரு நிமிடமாவது பொறுமையாகப் பார்க்க வேண்டும். பெரிய ஓட்டை உடனே குமிழி விடும். சின்ன ஓட்டையில் வெள்ளை நுரை மெல்லத் திரளும். தடவுவதற்கு முன் வெறும் கண்ணால் ஒரு சுற்றுப் பாருங்கள்: எண்ணெய்ப் பிசுக்கில் மண் ஒட்டிய மூட்டு, கம்ப்ரஸர் கிளட்சுக்குப் பின்னால் கருப்பு ஈரம், ஹோஸின் முனையை உலோகத்தால் நெரித்துப் பிடித்த (க்ரிம்ப்) இடத்தில் கசிவு. ஆயில் எங்கே வருகிறதோ அங்கேதான் கேஸும் வருகிறது. சோப்பின் குறை, கைக்கும் கண்ணுக்கும் எட்டாத இடத்தில் அதற்கு வேலையில்லை என்பதுதான்.

யூவி சாயம் வேறு மாதிரி. ஆயிலோடு கலக்கும் சாயத்தைச் சுற்றுக்குள் விட்டு, சில நாள் வண்டியை ஓட்டி, இருட்டில் யூவி டார்ச் அடித்தால் கசியும் இடம் பச்சை மஞ்சளாக ஒளிரும். மாதக்கணக்கில் மெல்லப் போகிற கசிவுக்கு, ஓடி அதிர்ந்து சூடானால் மட்டும் திறக்கிற ஓட்டைக்கு, இதைப் போல வேறொன்றில்லை. நின்ற வண்டியில் நைட்ரஜன் தவறவிடுவதை இது பிடித்துவிடும். ஆனால் சுற்றில் கேஸ் இருந்தால்தான் சாயம் சுற்றும். ஒரு வாரத்தில் காலியாகிற வண்டியில் இதைப் போடுவது வீண். சந்தைக்குத் தினம் ஓடும் வண்டிக்காரருக்கு, மறுபடி பட்டறைக்கு வந்து காட்டும் நாளும் ஒரு செலவுதான்.

மோப்பக் கருவி, அதாவது எலக்ட்ரானிக் டிடெக்டர், எல்லாவற்றிலும் கூர்மையானது, ஏமாற்றவும் செய்யும். ஆர்134ஏ காற்றைப்போல மூன்றரை மடங்கு கனம். ஆகவே முனையை மூட்டுக்கு அடியில், அங்குலம் அங்குலமாக நகர்த்த வேண்டும். ஃபேன் ஓடினாலோ காற்று வீசினாலோ ஒன்றும் தெரியாது. பிரேக் க்ளீனர் வாடைக்குக்கூடச் சில கருவிகள் கத்தும். கத்திய இடத்தில் சோப்பு போட்டு உறுதி செய்யாமல் பாகத்தை மாற்றச் சம்மதிக்காதீர்கள். டேஷ்போர்டைக் கழற்றாமல் கூலிங் காயிலைச் சோதிக்க மட்டும் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் விட்டு, தண்ணீர் சொட்டும் டிரெயின் குழாய் வாயில் முனையை வைக்க வேண்டும். கனமான கேஸ் அங்கேதான் இறங்கிவரும். முனைக்குள் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

என் வண்டியில் ஒரே வழி போதவில்லை. நைட்ரஜன் ஏற்றி சோப்பு தடவியதும் நீலப் பக்கத்து சர்வீஸ் போர்ட்டில் நுரை கிளம்பியது. கேஸ் ஏற்றும் அந்த வாய்க்குள் டயர் வால்வு போன்ற ஒரு ஊசி இருக்கிறது, அது தேய்ந்திருந்தது. அதற்கு மேல் இருக்க வேண்டிய மூடி எந்தக் காலத்திலோ தொலைந்திருந்தது. அந்த மூடி வெறும் தூசித் தடுப்பு கிடையாது, அதன் உள்ளே ரப்பர் சீல் உண்டு. ஊசியை மாற்றினோம். முடிந்தது என்று நினைத்தால், மறுநாள் காலை முள் 150லிருந்து 120க்கு வந்திருந்தது. வெளியே எங்கும் நுரை இல்லை.

“இது உள்ளதாண்ணே இருக்கு, டேஷ்போர்டக் கழட்டணும்” என்றார் வேலை பார்த்த பட்டறைத் தம்பி. கழற்றுவதற்கு முன் உறுதி வேண்டும் என்றேன். சுற்றில் இருப்பது நைட்ரஜன். மோப்பக் கருவிக்கு அது தெரியாது. அதனால் நைட்ரஜனை வெளியேற்றி, வாக்குவம் போட்டு, சிறிதளவு ஆர்134ஏ விட்டு, அதன்மேல் மறுபடி நைட்ரஜனை ஏற்றினார். டிரெயின் வாயில் கருவி கத்தியது. மூன்று முறை எடுத்துவிட்டு வைத்தும் கத்தியது. டேஷ்போர்டைக் கழற்றினால், கூலிங் காயிலின் கீழ் மூலையில் இலைக்குப்பையும் மண்ணும் ஈரத்தோடு படிந்து, அலுமினியம் அரித்திருந்தது.

இதைப் படிப்பவரில் யாருக்காவது முதல்முறை ஏசி குளிர் குறைந்து, வண்டி ஏழெட்டு வருடம் ஓடியிருந்தால், ஒருமுறை எடைபோட்டுக் கேஸ் நிரப்பி, சாயத்தையும் சேர்த்துப் போட்டுவிட்டு, கவனித்துக்கொண்டிருப்பதே போதும். எடைபோடுவது முக்கியம், பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் கிராம் கணக்கு இருக்கும், டின் கணக்கில் அடிப்பவரிடம் அதைக் காட்டுங்கள். இரண்டாவது கோடையும் கேட்டால் நைட்ரஜன் சிலிண்டர் வைத்திருக்கும் பட்டறையைத் தேடிப் போங்கள், ராத்திரி வண்டியை அங்கேயே விடத் தயாராகப் போங்கள். ஓட்டையை அடைக்கும் திரவம் என்று விற்பதை மட்டும் எந்த நிலையிலும் உள்ளே விடாதீர்கள்; ஈரமும் காற்றும் பட்டால் இறுகும் வகை, ஓட்டையைவிட முதலில் எக்ஸ்பான்ஷன் வால்வை அடைத்துவிட்டால் சுற்று முழுவதையும் கழுவ வேண்டிவரும்.

புதுக் காயில், புது ஓ-ரிங்குகள், ஈரத்தை உறிஞ்சும் புது ட்ரையர், அளந்த ஆயில். மறுபடி ஒரு ராத்திரி நைட்ரஜன், காலையில் 146. ஒரு மணி நேர வாக்குவம், பிறகு எடைபோட்டுக் கேஸ். இரண்டு போர்ட்டுகளுக்கும் மூடி வாங்கி, கையால் இறுக்கிய பிறகுதான் பானெட்டை இறக்கினோம்.