ஏர் கிளீனரா, நாசிலா: கரும்புகை விடும் டீசல் பம்புசெட்டில் முதலில் எதைப் பார்ப்பது?

கிருஷ்ணகிரி மாவட்டத்து மாந்தோப்புகளில் ஓடும் டீசல் என்ஜின் இழுவை குறைந்து கரும்புகை கக்கினால், உள்ளே போகும் காற்றின் தூசை வடிகட்டும் ஏர் கிளீனரைத் திறந்து பார்ப்பதா, டீசலை என்ஜினுக்குள் பீச்சும் நாசிலைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்புவதா என்ற கேள்வி எழுகிறது. கரும்புகை என்பது உள்ளே செல்லும் டீசலுக்கு ஈடான காற்று கிடைக்கவில்லை என்பதன் அடையாளமாதலால், கிரானைட் குவாரிகளும் மண்சாலைகளும் தூசு கிளப்பும் இப்பகுதியில் ஏர் கிளீனரையே முதலில் பார்ப்பது என் தேர்வு. ஏர் கிளீனரில் தூசைப் பிடிக்கும் ஆயில் கிண்ணத்தைக் கழற்றிச் சேற்றை அகற்றி, கோடு வரை புதிய ஆயில் ஊற்றுவதற்குப் பெருஞ்செலவு ஆகாது.

நாசில் வேலை அப்படியன்று. திறப்பு அழுத்தத்தைச் சோதிக்கவும், டீசல் பனிபோல் சிதறுகிறதா, சொட்டுகிறதா என்று பார்க்கவும் கைப்பம்பு பொருத்திய சோதனைக் கருவி வேண்டும். அந்தப் பீச்சின் முன் விரலை நீட்டினால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும். ஆயினும் ஏர் கிளீனர் சுத்தமாக இருந்து, பாரத்தைக் குறைத்த பின்னும் புகை கருமையாகவே வந்தால் இச்செலவைத் தவிர்ப்பது கடினம்.

வெண்புகை வந்து, என்ஜின் ஆயிலும் பால்நிறமாக மாறியிருந்தால் இவ்விரண்டுமே வீண்வேலை. சிலிண்டருக்கும் அதன் மேல்மூடிக்கும் இடையே கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். புகையே இல்லாமல் இழுவை மட்டும் குறைந்தால் டீசல் ஃபில்டரை மாற்றிப் பார்க்கலாம்.