ஃப்ளூக் 1587 எஃப்சி மெகர்: ஆராய்ச்சிக் கப்பல் வேலைக்கு எப்படி?

கடல் ஆராய்ச்சிக் கப்பலில் எலெக்ட்ரிக்கல் டெக்னீஷியனாகப் போகிறவர்கள் என்ன மீட்டர் வாங்கலாம் என்று அடிக்கடி கேட்கிறார்கள். என் கையில் இருப்பது ஃப்ளூக் 1587 எஃப்சி. மல்டிமீட்டரும் மெகரும் ஒரே கருவியில். மெகர் என்றால் உயர் வோல்டேஜ் விட்டு இன்சுலேஷன் கசிகிறதா என்று ஓமில் அளப்பது; எண் பெரிதாக இருந்தால் நல்லது. தொழிற்சாலைக்காரர்கள் இதைப் பாராட்டி நிறைய எழுதிவிட்டார்கள். நான் சிடிடி கேபிளை வைத்துத்தான் இதை எடைபோடுவேன், ஏனென்றால் எங்கள் கப்பல் கடலுக்குப் போவதே அந்தக் கேபிளை நம்பித்தான்.

சிடிடி என்பது கடல்நீரின் உப்பளவையும் வெப்பத்தையும் ஆழத்தையும் அளக்கும் கருவி. இரும்புக் கம்பி சுற்றிய கேபிளில் தொங்கிக்கொண்டு இறங்கும். எங்கள் கேபிளுக்குள் கண்டக்டர் ஒன்றே ஒன்றுதான். கப்பலில் இருக்கும் சீபேர்ட் கம்பெனியின் 11பிளஸ் டெக் யூனிட் 250 வோல்ட் டிசியை அதில்தான் அனுப்புகிறது. கீழே இருக்கும் யூனிட் நொடிக்கு 24 முறை அளந்து, டேட்டாவை அதே கம்பியில்தான் மேலே அனுப்புகிறது. நிமிடத்துக்கு 60 மீட்டர் வேகத்தில் விட்டால் 5000 மீட்டர் இறங்கவே கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம். 3000 மீட்டரில் டெர்மினேஷனுக்குள் (கேபிள் முனையைக் கருவியோடு இணைக்கும் இடம்) தண்ணீர் புகுந்து சிக்னல் போனால், பாதி ராத்திரியில் மொத்தத்தையும் மேலே இழுக்க வேண்டும். அந்த ஸ்டேஷனுக்காக, அதாவது கடலில் அளக்கும் அந்த இடத்துக்காக, பல மாதம் திட்டம் போட்ட விஞ்ஞானி பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார்.

அதனால் மெகர் பார்ப்பதை நான் அவசரப்படுத்துவதில்லை. டெக் யூனிட், கீழ் யூனிட் இரண்டையும் கழற்றிவிட்டுத்தான் 500 வோல்ட் விட வேண்டும். கழற்றாமல் விட்டால் எலெக்ட்ரானிக்ஸ் போய்விடும். ஒரு லீட் கண்டக்டரில், இன்னொன்று வெளிக்கம்பியில். டெஸ்ட் பட்டன் புரோபிலேயே இருக்கிறது. கப்பல் ஆடும்போது ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் அழுத்தலாம், மீட்டரைத் தொடவே வேண்டாம். டெக்கில் வேலை செய்தவருக்குத்தான் இந்தச் சௌகரியத்தின் அருமை தெரியும். நீளக் கேபிள் கெபாசிட்டர் மாதிரி சார்ஜ் பிடித்துவைத்திருக்கும். பட்டனை விட்டதும் மீட்டரே அதை டிஸ்சார்ஜ் செய்து, இறங்கும் வோல்டேஜையும் திரையில் காட்டுகிறது. அது பூஜ்யமாகும்வரை புரோபை எடுக்காதீர்கள்.

ரீடிங் 2, 3 மெகா ஓம் என்று வந்தால் உடனே கேபிளை வெட்டக் கிளம்பக் கூடாது. முனையில் கண்ணுக்குத் தெரியாத உப்புப் படலம் இருக்கும். நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். பல தடவை முள்ளு போன்ற அந்தச் சின்னப் பின்னின் அடியைத் துடைத்ததுமே ரீடிங் 500ஐத் தாண்டிவிடும். அப்போதும் ஏறவில்லை என்றால் கேபிளைச் சுற்றும் வின்ச் டிரம்மில் ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து, சுழலும் டிரம்மிலிருந்து சிக்னலை வெளியே எடுக்கும் ஸ்லிப் ரிங்கைப் பிரித்துவிட்டு, கேபிளை மட்டும் தனியாகப் பாருங்கள். பிரஷ் தேய்ந்து படிந்த கரித்தூள் ஸ்லிப் ரிங்கில் இன்சுலேஷனைக் கீழே இழுக்கும்; பழி கேபிள் மேல் விழும்.

இந்த மீட்டரின் பெரிய குறையும் இந்த இடத்தில்தான். 500 வோல்ட் ரேஞ்சில் 500 மெகா ஓம்வரைதான் அளக்கும். 1000 வோல்ட் வைத்தால் 2 கிகா ஓம். நல்ல கேபிள் அதற்கும் மேலே இருக்கும். போன பயணத்தில் 10 கிகா ஓம் இருந்தது இப்போது 1 கிகாவுக்கு இறங்கியிருந்தால் டெர்மினேஷன் கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். 500 வோல்ட்டில் இந்த மீட்டர் இரண்டுக்கும் 'ரேஞ்சுக்கு மேல்' என்றுதான் சொல்லும். கெட்டுப்போனதைச் சொல்லும், கெட்டுக்கொண்டிருப்பதைச் சொல்லாது.

மோட்டார், ஃபீடர் (ஸ்விட்ச்போர்டிலிருந்து போகும் மின்லைன்) வேலைக்கு வந்தால் எனக்குக் குறை சொல்ல மனம் வரவில்லை. எங்கள் 440 வோல்ட் லைன் ஹல்லோடு எர்த் செய்யாதது. ஒரு பேஸ் எர்த் ஆனால் பிரேக்கர் விழாது, ஸ்விட்ச்போர்டில் அந்த பேஸின் விளக்கு மங்கும், அவ்வளவுதான். ஃபீடர் ஃபீடராக ஆஃப் செய்து மெகர் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். லைனில் 30 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் இது எச்சரித்து டெஸ்ட்டையே தடுத்துவிடுகிறது. வின்ச் மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவின் அவுட்புட்டைச் சாதா மீட்டரில் பார்த்தால் வோல்டேஜ் கூடுதலாகக் காட்டும். உயர் அதிர்வெண்ணை வடிகட்டும் இதன் லோ பாஸ் ஃபில்டரில் சரியாக வருகிறது. சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் வசதி இருப்பதும் நல்லது. வைண்டிங் சூடு 10 டிகிரி கூடினால் இன்சுலேஷன் ரீடிங் ஏறக்குறைய பாதியாகும். சூட்டையும் சேர்த்து எழுதாத மெகர் ரீடிங்கை அடுத்த மாத ரீடிங்கோடு ஒப்பிடவே முடியாது.

பாதுகாப்பு ஐபி 40 மட்டும்தான், தண்ணீருக்குத் தாங்காது. அலை தெறிக்கும் டெக்குக்கு மீட்டர் செய்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நான் ஒளிபுகும் பையில் போட்டுத்தான் வெளியே கொண்டுபோகிறேன். மெகருக்கும் மல்டிமீட்டருக்கும் லீட் செருகும் துளை வேறுவேறு, மாற்றி மாற்றிச் செருக வேண்டும். போன் ஆப் இரும்புச் சுவர்களுக்கு நடுவே எனக்குப் பெரிதாக உதவவில்லை, நோட்டுப் புத்தகம் போதும். பேட்டரி சாதாரண டபுள் ஏ நான்கு, எந்தத் துறைமுகத்திலும் கிடைக்கும்.

மோட்டார், ஃபீடர், டிரைவ் வேலைக்குத் தயங்காமல் வாங்கலாம். கேபிளுக்கு 500 வோல்ட்டிலேயே பல கிகா ஓம் காட்டும் மெகர் ஒன்றைத் தனியாகக் கேளுங்கள். ஒன்றுதான் வாங்கித் தருவார்கள் என்றால் இதையே எடுத்துக்கொண்டு, கேபிளின் கெபாசிட்டன்ஸையும் (சார்ஜ் பிடிக்கும் அளவு) இதிலேயே அளந்து எழுதிவையுங்கள். கண்டக்டர் நடுவில் அறுந்தால், டெக் யூனிட் இருக்கும் லேப் பக்கத்தில் கெபாசிட்டன்ஸ் குறைந்து காட்டும். மூன்றில் ஒரு பங்கு காட்டினால், அறுந்த இடம் லேப் பக்கத்திலிருந்து கேபிளின் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இருக்கிறது. ஒப்பிட பழைய எண் வேண்டும் அல்லவா, அதனால் புதுக் கேபிள் டிரம்மில் ஏறிய அன்றே அளந்துவிடுங்கள்.