பக்கவாத அபாயம்: சிறுநீர்ப் பரிசோதனைகளில் எதை நம்பலாம்?

சிறுநீரில் புரதம் கசிவதைச் சிறுநீரகக் கோளாறு என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. உடலெங்கும் உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களின் உட்சுவர் நலிந்திருப்பதை அது உணர்த்தக்கூடும் என்பதால், இரத்த அழுத்தமோ நீரிழிவோ உள்ளவர்களுக்குப் பக்கவாத அபாயம் கூடியிருப்பதன் அடையாளமாகவும் மருத்துவர்கள் அதைக் கருதுகிறார்கள்.

அளக்கும் வழிகளில் மலிவானது சோதனைப் பட்டை. சிறுநீரில் தோய்த்து எடுத்து, மஞ்சள் நிறம் பச்சைக்கு மாறுகிறதா என்று குப்பியில் உள்ள வண்ணக் கட்டங்களோடு ஒப்பிடுவார்கள். பட்டை காட்டுவது செறிவை மட்டுமே என்பதால், தண்ணீர் நிறையக் குடித்துவிட்டு வந்தவருக்குக் கசிவு இருந்தாலும் இல்லையென்றே காட்டிவிடலாம். நமக்கு முக்கியமான தொடக்கநிலைக் கசிவும் பெரும்பாலும் அதன் கண்ணுக்குத் தப்பிவிடும்.

24 மணி நேரச் சேகரிப்பு கோட்பாட்டளவில் துல்லியமானது. ஆனால் காலையின் முதல் சிறுநீரைக் கழித்துவிட்டு, மறுநாள் காலையின் முதல் சிறுநீர் வரை ஒரு சொட்டு விடாமல் பிடித்து வைக்க வேண்டும். வேலைக்குப் போகிறவர் அந்தக் கலனை எம்ஆர்டி ரயிலில் சுமந்து செல்வாரா? ஒருமுறை தவறினாலும் கணக்குப் பிசகும்.

என் தேர்வு, ஒரே ஒரு சிறுநீர் மாதிரியைக் கொண்டு பார்க்கும் ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதம். ஆல்புமின் என்பது இரத்தத்தில் மிகுதியாக உள்ள புரதம்; கிரியேட்டினின் தசைகளிலிருந்து வரும் கழிவுப்பொருள். கிரியேட்டினினோடு ஒப்பிட்டுக் கணக்கிடுவதால் சிறுநீர் நீர்த்திருப்பதன் பாதிப்பு பெரிதும் நீங்கிவிடுகிறது. ஒரு மில்லிமோல் கிரியேட்டினினுக்கு ஆல்புமின் 3 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் இயல்பு. 3 முதல் 30 வரை மிதமான கசிவு. அதற்கு மேல் கடுமையானது. பலதுறை மருந்தகத்தில் நீரிழிவுக்காகத் தொடர்ந்து சிகிச்சை பெறுபவர்கள் இதை ஆண்டுதோறும் செய்துகொள்வது நல்லது. குறையே இல்லை என்று சொல்ல முடியாது: காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கடும் உடற்பயிற்சி ஆகியவை அளவைத் தற்காலிகமாக உயர்த்தும், தசை மெலிந்த முதியவர்களிடம் கிரியேட்டினின் குறைவாக இருப்பதால் விகிதம் மிகையாகத் தோன்றும். எனவே ஒரு முடிவை வைத்துக் கலங்காமல், சில வாரங்கள் கழித்து அதிகாலை மாதிரியில் மீண்டும் பார்க்க வேண்டும். மொத்தப் புரத விகிதம் ஆல்புமின் அல்லாத புரதங்களையும் சேர்த்துக் காட்டினாலும், சிறு கசிவைப் பிடிப்பதில் இதற்கு ஈடாகாது.

பக்கவாதம் தாக்கிய பிறகு கதை வேறு. கடுமையான தாக்குதலுக்குள்ளானோரிடம் ஆல்புமின் கூடுதலாகக் காணப்படுவதுண்டு. ஆனால் அது முன்பே இருந்ததா, தாக்குதலின் விளைவா என்று பிரித்தறிவது கடினம். அவசர ஆம்புலன்ஸ் எண்ணான 995ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டவரின் நிலையை, பாதிப்பின் கடுமையை அளக்கும் 0 முதல் 42 வரையிலான நரம்பியல் மதிப்பெண்ணும் சிடி ஸ்கேனும்தான் சொல்லும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக அறிகுறி தொடங்கி நான்கரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டியிருப்பதால், அந்த முடிவுக்குச் சிறுநீர் அறிக்கைக்காக யாரும் காத்திருப்பதில்லை.