கே.கே. நகர் தோல் மருத்துவமனை: காத்திருந்த ஒன்பது நாட்களும் பரிசோதனையும்

இடது உள்ளங்காலில் கருமையான மச்சம் ஒன்று தென்பட்டதால், மதுரை கே.கே. நகரில் உள்ள ஒரு தோல் மருத்துவமனையில் முன்பதிவு செய்தேன். ஒன்பது நாட்கள் கழித்தே நேரம் கிடைத்தது. கருநிறத் தோல் உடையவர்களுக்கு மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் வந்தால், உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில்தான் பெரும்பாலும் தோன்றும் என்று படித்தது என் தூக்கத்தைப் பறித்தது. இரவுதோறும் கைப்பேசி வெளிச்சத்தில் மச்சத்தைப் பார்த்துப் பார்த்து அச்சத்தையே வளர்த்துக்கொண்டேன். தொலைபேசியில் பேசிய செவிலியர், அளவுகோலை அருகில் வைத்து ஒரே ஒரு படம் எடுத்துவிட்டு, அதன்பின் பரிசோதனை நாள்வரை பார்க்கவே வேண்டாம் என்றார். எனக்கு உண்மையில் உதவியது அந்தச் சொல்தான். மாலைகளில் வண்டியூர் கண்மாய்க் கரையில் நடந்தேன்.

மருத்துவர், டெர்மாஸ்கோப் என்னும் ஒளியுள்ள உருப்பெருக்கியால் இரு பாதங்களையும் நகங்களையும் முதுகையும் பொறுமையாகப் பார்த்து, மச்சம் 6 மில்லிமீட்டருக்கும் சிறியது, ஓரம் சீரானது, நிறம் தோல்வரிகளின் பள்ளங்களில் மட்டுமே படிந்திருக்கிறது, ஆகவே இது சாதாரண மச்சமே என்று திரையில் காட்டி விளக்கி, நிறமோ அளவோ மாறினால் உடனே வரச் சொன்னார். அந்த விளக்கத்துக்கே கட்டணம் தகும்.

குறித்த நேரத்தைக் கடந்து இரண்டு மணி நேரம் உட்கார வைத்தது பெருங்குறை. பயத்துடன் வருபவர்களிடம் தாமதத்தை ஒருவர் வந்து சொல்லியிருந்தால்கூடப் போதும்.