செயென் அகராதி: இணையத்தில் புழங்குவோருக்கு

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் லேம் டியரில் உள்ள சீஃப் டல் நைஃப் கல்லூரி இணையத்தில் வைத்திருக்கும் செயென் அகராதி, வட அமெரிக்கப் பழங்குடி மொழிகளின் அல்கொங்கியக் குடும்பத்தைச் சேர்ந்த இந்த மொழிக்கு இன்று கிடைக்கும் நல்ல கருவி. 1891இல் பணியைத் தொடங்கிய மிஷனரி ரோடால்ஃப் பெட்டரின் பழைய அகராதியைவிட இதன் எழுத்துமுறை சீரானது. ஆரம்பநிலையில் இரண்டையும் கலக்க வேண்டாம்.

எழுத்துகள் 14, உயிர்கள் மூன்றுதான். எளிது என்று எண்ணிவிடாதீர்கள்! ரோமன் எழுத்தில் 'e' என்று எழுதியிருப்பது பெரும்பாலும் 'இ'யை ஒட்டி ஒலிக்கும். மேலே புள்ளி வைத்த உயிருக்குக் குரல் கிடையாது, வெறும் மூச்சு. சொல்லின் கடைசி உயிரும் பெரும்பாலும் அப்படியே, புள்ளி இல்லாவிட்டாலும். நம் குற்றியலுகரத்துக்கு ஒரு படி மேல். உயிரின் மேல் இடும் சாய்கோடு குரல் ஏற்றத்தைக் காட்டும். குறிகளை விட்டுவிட்டு நகலெடுத்தால் உச்சரிப்பே போச்சு. ஆகவே ஒலிப்பதிவு உள்ள சொற்களில் தொடங்குங்கள்.

தேடலில் தடுக்கிவிடுவது வினைச்சொல். 'நாமெசெஹெ' என்றால் 'நான் சாப்பிடுகிறேன்'; 'எமெசெஹெ' என்றால் 'அவர் சாப்பிடுகிறார்'. ஆள் காட்டும் முன்னொட்டைக் கழற்றத் தெரியாமல், கேட்டதை அப்படியே தட்டினால் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. பெயர்ச்சொல்லுக்கு உயிருள்ளது, உயிரற்றது என்ற பாகுபாட்டையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள். வினை அதைப் பொறுத்து மாறும்.

சொல்லைச் சரிபார்க்க இது அருமை. பேசிப் பழக, வீட்டில் செயென் பேசும் பெரியவர் ஒருவர்தான் வேண்டும்.